கொட்டகுடியில் இறங்கிய தேயிலை

2024 ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்தபோது, 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளில் கணக்கெழுதியே காலம் தள்ளியவன் நான். தொகை பெரிதாக இருந்தால் எனக்கு மயக்கம் வராது. வரவு யார் பெயரில், பற்று யார் பெயரில் என்றுதான் கண் போகும். மலைக்கிராமத்துக்கு ஒரு பெரிய கம்பெனி வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களைக் குரங்கணிக்குக் கூட்டிப்போய்க் காட்ட ஆசை. அங்கே முதலீடு வந்து நூற்றிருபது வருஷம் ஆகிறது. லேசுப்பட்ட முதலீடும் இல்லை, கிளாஸ்கோ பணம்.

போடியிலிருந்து மேற்கே போனால் முந்தல். அங்கே ஒரு ரோடு கொண்டை ஊசி வளைவுகளாகப் போடிமெட்டுக்கு ஏறுகிறது. இன்னொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணியில் போய் முட்டிக்கொள்கிறது. மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அதற்குமேல் காலால்தான் ஏற வேண்டும். ஏறுகிற வழியில் 'சென்ட்ரல்' என்று ஒரு குடியிருப்பு. உச்சியில் 'டாப் ஸ்டேஷன்'. குரங்கணிக்கு அருகிலுள்ள கொட்டகுடிப் பக்கத்தைப் பழைய கம்பெனிக்காரர்கள் 'பாட்டம் ஸ்டேஷன்' என்றார்கள். மேலும் கீழும் ஸ்டேஷன்தான், ஆனால் இந்தச் சரிவில் ரயில் ஓடியதே இல்லை. ஓடியது கம்பிவடம்.

அது ஏன் இந்த வழியாக வந்தது என்பதற்கு 1877-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஜூலை 11-ம் தேதி ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். ஏறத்தாழ 1,37,000 ஏக்கர். கொடுத்தது ரொக்கம் 5,000 ரூபாய். வருஷக் குத்தகை 3,000 ரூபாய். குத்தகையை வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு வருஷம் அரையணாகூடத் தேறாது. ஒன்பது வருஷம் கழித்து, 1886-ல், முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூரிடம் மதராஸ் சர்க்கார் எழுதி வாங்கிய பத்திரத்தில் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் வருஷம் 40,000 ரூபாய். இரண்டும் ஒரே மலைத்தொடர்தான். பென்னிகுவிக் கட்டிய அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பாய்கிறது; நெல்லும் தென்னையும் அதில்தான் நிற்கின்றன. அரையணாப் பத்திரம் எங்கள் பக்கம் என்ன விட்டுப்போனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மன்றோவுக்குப் பின்னால் வந்தவர்கள் காப்பி, சின்கோனா என்று எதையெதையோ நட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஏ. ஹெச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை போட்டார், அது பிடித்துக்கொண்டது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. அதற்குப் பின்னால் இருந்தது கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஃபின்லே. மலைமேல் தேயிலை விளையும், சரி. எப்படிக் கீழே இறக்குவது? மேற்கே கொச்சிப் பக்கம் போவதென்றால் அடர்ந்த காடு, பாலமில்லாத ஆறுகள், ஓயாத மழை. கிழக்கே அப்படியில்லை. செங்குத்தான ஒரே சரிவு, இறங்கினால் போடி. அந்த மலைக்கு வேலையாட்கள் ஏறியதும் இந்தப் பக்கத்திலிருந்துதான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் வானம் பார்த்த பூமியிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டிய சனம் குடும்பம் குடும்பமாக ஏறியது. அவர்கள் சாப்பிட அரிசி வேண்டுமே, அதுவும் கீழேயிருந்துதான் போயாக வேண்டும்.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். சின்னச் சக்கரம் ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் உருளும். வண்டி சாயாமல் இருக்க, ஒரு பக்கம் பெரிய சக்கரம் ரோட்டில் உருளும். இழுப்பது காளை மாடு. இங்கிலாந்தில் யோசித்த இயந்திரத்துக்கு நம் ஊர் மாடு. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் முறையான சின்ன ரயில் பாதை அமைத்து நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷன் வந்ததும் தேயிலைப் பெட்டியைக் கம்பிவடத்தில் மாட்டுவார்கள். ஐந்து கிலோமீட்டர் தூரம் காட்டுக்கு மேலே அந்தரத்தில் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்து சேரும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. போடிக்கு அப்போது ரயில் கிடையாது. பெரியகுளம், வத்தலக்குண்டு தாண்டி அம்மையநாயக்கனூர் வரைக்கும் போனால்தான் ரயிலைப் பார்க்கலாம். பிறகு தூத்துக்குடி, கப்பல், லண்டன்.

எங்கள் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, இந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவர். நான் சிறுபிள்ளையாக இருக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்: "பெட்டியத் தூக்குனா கனமே இருக்காதுடா. ஆனா நனஞ்சுதுன்னு வையி, ரெண்டு மாட்டையும் வித்தாலும் கட்டி மாளாது." மரப்பெட்டி, உள்ளே ஈயத்தகடு, ஆணியடித்த மூடி. மழைக்காலத்தில் வண்டிக்கூண்டுக்கு மேல் கோணிச்சாக்கு, அதற்கு மேல் பனையோலைப் பாய். தான் நனைந்துகொண்டே பெட்டியை நனையாமல் கொண்டு வந்து சேர்த்தால் வாடகை. ஓரம் ஈரமாக இருந்தால் வண்டி மேஸ்திரி பிடித்துக்கொள்வான். திரும்பும்போது வண்டி காலியாக வராது. அரிசி, உப்பு, மிளகாய், கருவாடு. அதெல்லாம் குரங்கணியில் இறங்கி, வடத்தில் தொங்கிக்கொண்டு மலைக்குப் போகும். சனம் மட்டும் வடத்தில் போகாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துதான் ஏறும். தேயிலைக்கும் கருவாட்டுக்கும் கிடைத்த சவாரி மனுஷனுக்குக் கிடைக்கவில்லை என்று அய்யா சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தடம் நடப்பில் இருந்த இருபது சொச்ச வருஷம் குரங்கணிக்குக் கிடைத்தது என்ன என்று அய்யாவிடம் கேட்டதிலிருந்து ஒரு பேரேடு போட்டு வைத்திருக்கிறேன். வண்டி வாடகை. சுமை கூலி. மாட்டுக்கு லாடம் அடிப்பவனுக்கு வேலை. வைக்கோல் விற்றவன், இட்லி அவித்தவள், கள்ளுக்கடைக்காரன். எல்லாமே வந்துபோகிறவனை நம்பிய வரும்படி. தேயிலை வறுத்த ஃபேக்டரி மலைமேல். ஆபீஸ் மூணாற்றில். விற்பனை லண்டனில். லாபக் கணக்கு கிளாஸ்கோவில். கொட்டகுடியில் ஒரு ராத்தல் தேயிலையைப் பொட்டலம் கட்டக்கூட ஒரு கொட்டகை இல்லை. கம்பெனியைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அது வந்தது வழிக்காக, ஊருக்காக அல்ல. வழிக்கு வேண்டியதைச் செய்தது, குறைவில்லாமல் செய்தது.

1924 ஜூலையில் பெருமழை. மலையாளத்துக்காரர்கள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099. மூணாறு மூழ்கி, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் தண்டவாளமும் பாலமுமாக அடித்துக்கொண்டு போனது. கம்பெனி அந்த ரயிலைத் திரும்பப் போடவில்லை. 1931-ல் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குப் புதிய ரோடு; 1935-ல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின்மேல் பாலம். தேயிலைக்கு மேற்குக் கதவு திறந்துவிட்டது. கொச்சித் துறைமுகமும் அப்போதுதான் பெரிதாகிக்கொண்டிருந்தது.

இதில் எங்கள் ஊரின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். மதுரை – போடி ரயில் 1928-ல் வந்தது. மலைமேல் இருந்த ரயில் போய் நாலு வருஷம் கழித்து மலைக்குக் கீழே ரயில்! யாருக்காகப் போட்டார்களோ அவர்கள் அதற்குள் வேறு பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். 1942-ல் யுத்தம் என்று சொல்லித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தியது, போடிக்கு வண்டி திரும்பி வந்தது 2023 ஜூன் 15-ம் தேதி. நிறுத்தியபோது பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை படிப்பு முடித்து வேலைக்கே போயிருக்கும்.

1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. சந்தை இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம். டாப் ஸ்டேஷன் நம் தேனி மாவட்டத்து மண்தான். ஆனால் காரில் போக வேண்டுமென்றால் மூணாறு சுற்றித்தான் போக வேண்டும். கொழுக்குமலையும் அப்படியே. உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று சொல்லப்படும் அந்தத் தமிழ்நாட்டுத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியில்.

தேயிலைப் பணம் இப்படிப் போனது. ஏலக்காய்ப் பணம் மட்டும் ஏன் போடியில் தங்கியது? என் பிழைப்பே அதில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏலக்காய் விளைவதும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான்: பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி, வண்டன்மேடு. காயைப் பறித்து அங்கேயே ஸ்டோரில் விறகுச் சூட்டில் ராத்திரி முழுக்கக் காயப்போடுகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகிறது. அதற்கப்புறம் போடி. ஒரு குடோனுக்குள் போய்ப் பாருங்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்குவார்கள். வெடித்த காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம். சல்லடையில் விழாமல் நிற்கிற 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 7-க்கு ஒரு விலை, பச்சை நிறம் குறையக் குறைய விலையும் இறங்கும். விரல் நகத்தால் காயை ஒரு கீறு கீறி உள்ளே அரிசி கறுப்பா என்று பார்ப்பதற்குக் கண் மட்டும் போதாது, வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய ஏல மண்டபத்தில், வியாபாரிகள் சாம்பிள் பையைப் பிரித்து முகர்ந்து, நாலு காயை உடைத்து, விலை கேட்டுவிட்டு மிச்சத்தைத் தரையில் விசிறுவார்கள். மத்தியானத்துக்குள் தரை முழுக்கக் காய். நடந்தால் காலடியில் நொறுங்கும். இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். ஆளுக்கொரு பெட்டிமுன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். சாம்பிளை உடைத்துப் பார்ப்பது மட்டும் போகவில்லை.

இந்த மண்டபத்தைவிட முக்கியமானது கடைக்காரர் கொடுக்கும் முன்பணம். உரம் போடுகிற மாசத்தில் தோட்டக்காரர் வந்து நிற்பார். "அண்ணாச்சி, காய் வந்ததும் கழிச்சுக்கலாம்" என்பார். பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது. என் நோட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பி மலைமேல் ஆயிரக்கணக்கான ஏக்கர் நின்றது. காய் வந்தால் வேறு எங்கே போகும்? கடன் இருக்கிற கடைக்குத்தான். இது சாமியார் வியாபாரம் இல்லை. வட்டியும் உண்டு, எடையில் கை வைத்தவர்களும் உண்டு, காய் பொறுக்கிய பெண்களின் கூலி விலையோடு சேர்ந்து ஏறியதில்லை. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டே வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்து படுத்தது. ஏறினபோது வீடு கட்டியவர்கள் பலர், இறங்கினபோது வீட்டை விற்றவர்கள் சிலர். ஆனால் கட்டியதும் விற்றதும் இந்த ஊரில்தான். ஏல விவசாயிகள் சங்கம் ஒரு கல்லூரியே நடத்துகிறது. கிளாஸ்கோ கம்பெனி குரங்கணியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியதாக அய்யா சொன்னதில்லை.

பெரிய திட்டங்கள் இப்போதும் எங்கள் மலையைப் பார்க்கத்தான் செய்கின்றன. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்று 2015-ல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கச் சம்மதித்தது. எதிர்ப்பு, பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போய் அது அப்படியே நிற்கிறது. மலையேற்றம், சுற்றுலா என்று பேச்சு வந்தது. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சாவைப் பற்றிச் சும்மா ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை, ஆனால் இது அதற்கான இடமும் இல்லை.

குரங்கணிக்காரர்கள் ரொம்பக் காலமாகக் கேட்பது டாப் ஸ்டேஷனுக்கு ஒரு ரோடு. வனத்துறை நிலம் குறுக்கே நிற்கிறது. போடித் தொகுதி மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரைமேல் ஏறிப்போகும் படம் தேர்தலுக்குத் தேர்தல் பேப்பரில் வரும். காப்பியும் மிளகும் இலவம் காயும் அதே குதிரைமேல்தான் இறங்கி வருகின்றன. குதிரை வாடகை விவசாயியின் விலையில் கழியும். ரோடு போட்டால் வாடகை மிச்சம் என்பது என் கணக்கு. அதோடு குரங்கணியிலேயே காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் காயப்போட ஒரு களமும், மிளகைத் தரம் பிரிக்க ஒரு கொட்டகையும், அவசரத்துக்குப் பழத்தோடு விற்காமல் இருக்க இரண்டு மாசத்துக்குக் கூட்டுறவுக் கடனும் இருந்தால், முதலீடு என்று நான் அதைத்தான் சொல்வேன். தொகை கேட்டால் மாநாட்டில் சிரிப்பார்கள்.

இதைக் கடைக்கு மிளகு கொண்டு வந்த குரங்கணிக்காரர் ஒருவரிடம் விலாவாரியாகச் சொன்னேன். சாக்கைத் தராசில் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

"ரோடு வந்தா மொதல்ல யாரு வருவான்னு நெனைக்கிறீக அண்ணாச்சி?"

"லாரிக்காரன்" என்றேன்.

"இல்ல, நெலத்துக்கு வெல கேக்குறவன். ரோடு வரதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க."