பார்க்கின்சன் நோய்க்கான மூளை ஆழத் தூண்டல்: இலக்குத் தேடலின் வரலாறு (1987–2010)

மூளை ஆழத் தூண்டலுக்குச் சிறந்த இலக்கு எது என்ற வினாவின் விடை, எவ்வறிகுறி அளக்கப்பட்டது என்பதற்கேற்ப மாறிவந்துள்ளது. 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட் குழுவினர் தலாமஸில் மின்முனை பதித்து நடுக்கத்தை அடக்கினர். அவ்விடத்தைச் சுட்டழிக்கும் அறுவை முன்பே வழக்கில் இருந்தது. தூண்டலை வேண்டும்போது நிறுத்தலாம் என்பதே புதுமை. ஆயினும் நோயாளியைப் பெரிதும் முடக்கும் இயக்கத் தளர்வு நீங்கவில்லை.

அடுத்த இலக்குக்கு வழிதிறந்தது ஒரு போதைப்பொருள் விபத்து. 1982இல் கலிபோர்னியாவில் செயற்கைப் போதைப்பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் நச்சு, அதனை ஊசிவழி ஏற்றிக்கொண்ட சிலரைப் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல் உறையச் செய்தது. அந்நச்சு செலுத்தப்பட்ட குரங்குகளில் சப்தலாமிக் உட்கருவை அழித்தபோது இயக்கம் மீண்டதை 1990இல் பெர்க்மன், விக்மன், டிலாங் ஆகியோர் வெளியிட்டனர். 1993இல் கிரனோபிள் குழு அதே உட்கருவை மனிதரிடம் தூண்டியது.

குளோபஸ் பாலிடஸின் உட்பகுதியும் மாற்று இலக்காக முன்வைக்கப்பட்டது. 299 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2010இல் வெளியான ஒப்பாய்வு, இயக்க மேம்பாட்டில் இவ்விரண்டிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. சப்தலாமிக் தூண்டலில் மருந்தளவு கூடுதலாகக் குறைந்தது. மனச்சோர்வோ அங்குச் சற்றே கூடி, பாலிடஸ் தூண்டலில் சற்றே தணிந்தது.