ஃப்ளாஷும் இருட்டும்

மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரைப் புதுமண்டபத்தின் தூண்வரிசையைக் காகித நெகடிவில் எடுத்தார். கையில் செயற்கை ஒளி இல்லை. பக்கவாட்டில் நுழைந்த வெயிலை நம்பி லென்ஸைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கும் படத்தில் கல் பதியும். நடமாடுகிறவன் பதிய மாட்டான்.

இருட்டில் மனிதனைப் பதிய வைத்தது ஃப்ளாஷ். 1887இல் ஜெர்மனியில் மீதேயும் கேடிக்கேயும் மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட் கலந்த பொடியைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஜேக்கப் ரீஸ் இரவில் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தார். 1890இல் வந்த அவருடைய புத்தகம் சீர்திருத்தத்துக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முகங்களில் வறுமையோடு திகைப்பும் இருக்கிறது. சாட்சியம் தேடிவந்த ஒளி சம்மதம் கேட்கவில்லை.

வங்கியில் நான் தினமும் பார்க்கும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இந்த ஒளியின் வாரிசுகள். நேராக விழுந்த வெளிச்சம், வெள்ளைப் பின்னணி, நிழல் கூடாது. ஆளை அடையாளம் காண இது போதும். ஆள் எங்கே நிற்கிறான் என்பது இதில் கிடையாது.

வேறொரு வழியை சுப்ரதா மித்ரா காட்டினார். 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டபோது, விளக்குகளை நடிகர்கள்மேல் திருப்பாமல், மேலே கட்டிய வெள்ளைத் துணியில் பட்டு இறங்கச் செய்தார். அது ஃப்ளாஷ் அல்ல, தொடர்ந்து எரியும் விளக்கு. தத்துவம் ஒன்றுதான். ஃப்ளாஷைக் கூரைக்குத் திருப்பினாலும் சின்ன ஒளி கூரையளவு விரிகிறது. நிழலின் ஓரம் கரைகிறது.

கூரையில்லாத வெளியில் ஷட்டர்தான் கதி. ஃப்ளாஷ் கணத்தில் முடிந்துவிடும். அதன்பிறகும் ஷட்டர் திறந்திருந்தால் சுற்றுப்புற வெளிச்சம் மெல்லச் சேரும்.

சேரப்பணஞ்சேரி சாலையோரம் ஒரகடம் தொழிற்சாலைகளின் இரவு ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பவர்களை நேர் ஃப்ளாஷில் எடுத்தால் கறுப்பில் ஒட்டிய முகங்களே மிஞ்சும். ஃப்ளாஷைக் குறைத்து, கால் நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால் சாலை வருகிறது, பஸ்ஸின் விளக்கு கோடாக வருகிறது. டிரைப்பின் காத்திருப்பும் ரீஸின் கணமும் ஒரே படத்தில் சேர்கின்றன. ஆனால் நிற்பவர் அசைந்தால் உருவம் இரட்டிக்கும். அந்தக் கால் நொடி அசையாமல் நிற்கச் சொல்லி அவரைக் கேட்க வேண்டும். ரீஸ் கேட்காததை இங்கே கேட்காமல் படம் இல்லை.