கொதிநீரில் தப்பியவை: அகவித்தை அறிந்த வரலாறு

1870களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் ஒரு சோதனையால் அறிவியல் உலகைக் கலக்கினார். டர்னிப் கிழங்கை ஊறவைத்து இறுத்த நீரில் துளி பாலாடைக்கட்டியைச் சேர்த்தார். குடுவையிலேயே அதைக் கொதிக்கவிட்டு, கண்ணாடி வாயை உருக்கி மூடினார். சில நாட்களில் நீர் கலங்கியது. உள்ளே பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. கொதிநீரில் எந்த உயிரும் தப்பாது என்பது அன்றைய பொது நம்பிக்கை. ஆகவே உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றுகிறது என்று பாஸ்டியன் முடிவுகட்டினார். 1872இல் அதற்காகப் பெரிய நூலே எழுதினார்.

அவரைத் தோற்ற கட்சிக்காரர் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பது நியாயமன்று. அவர் கண்டது உண்மை. சொன்ன விளக்கம்தான் பிழை.

அந்தச் சோதனையைப் பிரெஸ்லாவ் நகரத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் பொறுமையாக ஆராய்ந்தார். அவருடைய ஐயம் பாலாடைக்கட்டியின் மேல் விழுந்தது. கொதிக்கவைத்த காய்ந்த புல் ஊறல்களிலும் அவர் தேடினார். கோல் வடிவ பாக்டீரியாக்களுக்குள் ஒளியைப் பளிச்சென்று முறிக்கும் முட்டை வடிவ மணிகள் தெரிந்தன. கொதிநிலையைத் தாங்கியவை இந்த மணிகளே. தணிந்த சூட்டில் அவை மீண்டும் கோல்களாக முளைத்தன. இன்று அகவித்து என்று அறியப்படும் இவற்றைப் பற்றிய ஆய்வை 1876இல் கோன் வெளியிட்டார்.

அதே ஆண்டு, அவர் நடத்திய அதே ஆய்விதழில், வோல்ஷ்டைன் என்ற சிற்றூரின் அரசு மருத்துவர் ராபர்ட் கோக் எழுதிய கட்டுரையும் வந்தது. கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் பாக்டீரியாவும் வித்தாக மாறுவதை அவர் கண்டிருந்தார். நோய்வாய்ப்பட்ட ஆடுமாடுகள் மடிந்து வெகுகாலம் ஆன பின்னும் சில மேய்ச்சல் நிலங்கள் ஏன் நோயைத் தருகின்றன என்ற பழைய புதிர் அவிழ்ந்தது.

லண்டனில் இயற்பியலாளர் ஜான் டிண்டல் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஐந்து நிமிடக் கொதியில் தூய்மையாகிவந்த அவருடைய ஊறல்கள், பழைய காய்ந்த புல் ஆய்வகத்துக்குள் வந்தபின் மணிக்கணக்கில் கொதித்தும் கெட்டுப்போயின. ஆய்வைக் கியூ தாவரவியல் தோட்டத்துக்கே மாற்ற வேண்டியதாயிற்று. 1877இல் அவர் கண்ட தீர்வு அழகானது: சிறிது நேரம் சூடாக்கு, காத்திரு, மறுபடி சூடாக்கு. இடைவெளியில் வித்துகள் முளைக்கும். முளைத்தவை அடுத்த சூட்டில் சாகும். 1879இல் ஷார்ல் ஷாம்பர்லான் உருவாக்கிய ஆட்டோகிளேவ், அழுத்த நீராவியால் நேர்வழியைத் திறந்தது. 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் என்பது ஆய்வகங்களில் இன்றும் வழக்கமான அளவு.

எதிரியின் பலத்தையே கருவியாக்கியவர் கோக்கிடம் பயின்ற ஜப்பானியர் கிடசாட்டோ ஷிபசபுரோ. டெட்டனஸ் கிருமியைப் பிற கிருமிகளிலிருந்து பிரிக்க யாராலும் முடியாதிருந்தது. அவர் கலவையை 80 டிகிரிக்குச் சூடாக்கினார். மற்றவை மடிந்தன, டெட்டனஸ் வித்துகள் எஞ்சின. 1889இல் அக்கிருமி தனியாக வளர்க்கப்பட்டது.

இந்தத் தாங்குதிறனுக்குக் கொடிய சான்று ஸ்காட்லாந்தின் குருய்னார்ட் தீவு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டன் அங்கே ஆடுகளின்மேல் ஆந்த்ராக்ஸ் குண்டுகளைச் சோதித்தது. மண்ணில் தங்கிய வித்துகளால் தீவு பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்தது. 1986இல் கடல்நீரில் கலந்த ஃபார்மால்டிஹைடை நிலமெங்கும் பாய்ச்சிய பிறகு, 1990இல்தான் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது.

வித்தின் உள்ளமைப்பு இருபதாம் நூற்றாண்டில் தெளிந்தது. உணவு தீரும்போது செல் தனக்குள் ஒரு சிறு செல்லைப் பிரித்து, அடுக்கடுக்காக உறையிட்டுக் காக்கிறது. பிறகு தாய்ச்செல் சிதைந்துவிடுகிறது. வித்தின் நடுப்பகுதியில் நீர் வெகுவாகக் குறைந்துவிடும். 1953இல் ஜோன் பவல் வித்துகளில் டைபிகோலினிக் அமிலத்தைக் கண்டறிந்தார். கால்சியத்துடன் சேர்ந்த இந்த அமிலம் உலர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சிறு புரதங்கள் டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு சூட்டிலிருந்தும் புற ஊதாக் கதிரிலிருந்தும் காக்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செட்லோ இவற்றை விரிவாக ஆராய்ந்தார். வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய நின்றுபோன நிலை இது. ஆனாலும் அலனைன் போன்ற ஓர் அமினோ அமிலம் கிடைத்தால் சில நிமிடங்களிலேயே வித்து விழித்து, தன் காப்பை இழக்கிறது.

எல்லா வித்துகளும் அப்படி விழிப்பதில்லை. சத்து கிடைத்தும் அசையாத ஒரு சிறு பங்கு எப்போதும் எஞ்சுகிறது என்று செட்லோவின் குழு காட்டியது. டிண்டலின் இடைவெளிச் சூட்டுக்குத் தப்புவதும், உணவைப் பதப்படுத்துவோரை இன்றும் திணறவைப்பதும் அந்தப் பங்குதான்.