ஒளியும் சமூகமும்: றிக்கற்ஸ் நோயின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நோய்களின் வரலாற்றை மருத்துவக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக மட்டும் கொள்வது முழுமையான நோக்காகாது. ஒரு நோய் எவரைப் பற்றியது, அதன் காரணம் எப்போது அறியப்பட்டது, அறியப்பட்ட பின்னரும் அது ஏன் நீடித்தது என்னும் வினாக்களுக்குச் சமூக வரலாற்றிலேயே விடை தேட வேண்டியுள்ளது. குழந்தைகளின் என்புகளை மென்மையாக்கிக் கால்களை வில்லாக வளைத்துவிடும் றிக்கற்ஸ் நோய் இதற்குத் தக்க சான்றாகும். விற்றமின் டி குறைபாட்டின் விளைவே இந்நோய் என்பது இன்று பாடநூற் செய்தி. ஆனால் அச்செய்தி நிலைபெறுவதற்கு ஒரு நூற்றாண்டு கழிந்தது.

ஆங்கிலேயரான டானியல் விசிலர் 1645இலும் பிரான்சிஸ் கிளிசன் 1650இலும் இந்நோயை விரிவாக எழுத்தில் வடித்தனர். எனினும் இது பெருந்தொகையான மக்களின் நோயாக மாறியது கைத்தொழிற் புரட்சியின் பின்னரேயாகும். நிலக்கரிப் புகை மூடிய வானமும், ஒடுங்கிய சந்துகளும், வெயில் நுழையாத குடியிருப்புகளும் தொழிலாளர் குழந்தைகளுக்குரியனவாயின. நோயின் தாக்கம் குழந்தைப் பருவத்துடன் முடிந்துவிடவில்லை. இடுப்பென்பு உருக்குலைந்த சிறுமியர் வளர்ந்து தாய்மையடைந்தபோது மகப்பேறே உயிராபத்தாக முடிந்தது. கிளாஸ்கோ நகரில் மேர்டொக் கமரோன் என்ற மருத்துவர் 1888இல் சிசேரியன் சத்திரசிகிச்சையை வெற்றிகரமாக மேற்கொள்ள நேர்ந்தது இத்தகைய பெண்களின் பொருட்டேயாகும்.

நோயின் காரணத்தை நெருங்கியோர் முன்னரே இருந்தனர். போலந்து நாட்டு மருத்துவரான இயென்ஜெய் சினியாதெக்கி, நகரக் குழந்தைகளை இந்நோய் மிகுதியாகப் பற்றுவதையும் கிராமக் குழந்தைகள் தப்புவதையும் அவதானித்து, குழந்தைகளைத் திறந்த வெளியில் வெயில் படுமாறு வைத்திருத்தல் வேண்டும் என 1822இல் எழுதினார். யப்பானில் மிசனரி மருத்துவராகப் பணியாற்றித் தாயகம் மீண்ட தியோபால்ட் பாம், அங்கு அரிதாயிருந்த இந்நோய் பிரித்தானியாவில் மலிந்திருப்பதைக் கண்டார். கிழக்கு நாடுகளில் பணியாற்றிய ஏனைய மருத்துவர்களிடமிருந்தும் செய்தி திரட்டி, வறுமையன்று, வெயிலின்மையே நோயின் வேர் என 1890இல் அவர் வாதிட்டார். அவரது கூற்று அக்காலத்தில் உரிய கவனத்தைப் பெறவில்லை. நோய்க்கிருமி பற்றிய கொள்கை மேலோங்கியிருந்த அக்காலத்தில், ஏதோ ஒன்று உடலுட் புகுவதால் மட்டுமன்றி, ஏதோ ஒன்று இல்லாமற் போவதாலும் நோய் தோன்றலாம் என்ற எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை.

முதலாம் உலகப் போரின் இறுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. எட்வேட் மெலன்பி, வீட்டினுள்ளே அடைத்து வளர்க்கப்பட்ட நாய்க்குட்டிகளுக்குக் குறைபாடுள்ள உணவைக் கொடுத்து நோயை உண்டாக்கிக் கொட் மீனின் ஈரலெண்ணெயால் அதனைத் தடுத்துக் காட்டினார். பேர்லினில் கூர்ட் ஹுல்சின்ஸ்கி 1919இல் இரச ஆவி விளக்கின் கழியூதாக் கதிர்களால் நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும் மறு கையின் என்பும் தேறியமை வியப்பளித்தது. உணவே காரணம் என்றோரும் ஒளியே காரணம் என்றோரும் எதிரெதிர் நின்றனர். போரினால் நலிவுற்ற வியன்னாவில் ஹரியற் சிக்கும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட ஆய்வு, எண்ணெயும் ஒளியும் ஒரே பயனைத் தருவதை நிறுவியது. எண்ணெயில் விற்றமின் ஏயை அழித்த பின்னரும் நோய் தீர்க்கும் ஆற்றல் எஞ்சியிருப்பதை 1922இல் காட்டிய மக்கொலம், அப்பொருளுக்கு டி என்னும் எழுத்தை வழங்கினார்.

இரு தரப்பினரும் உண்மையின் ஒவ்வொரு பாதியையே பற்றியிருந்தனர். தோலிலுள்ள ஒரு பொருள் கழியூதாக் கதிரால் விற்றமின் டியாகின்றது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமுற்றுக் குடலிலிருந்து கல்சியம் உறிஞ்சப்படத் துணை செய்கின்றது. எனவே உணவில் ஈடு செய்யப்பட்டால் ஒளியின் குறை தெரியாது. இவ்வறிவு அரசின் செயலாக மாறியபோதே நோய் பின்வாங்கியது. பிரித்தானியாவில் 1940இல் மாஜரீனில் இவ்விற்றமினைச் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. எந்தத் தாயும் தனது சமையலையோ உடையையோ மாற்ற வேண்டியிருக்கவில்லை. உண்ணும் உணவுடனேயே பாதுகாப்பும் வந்து சேர்ந்தது.

ஆனால் 1962இல் அதே கிளாஸ்கோவில், பாகிஸ்தானிலிருந்து குடியேறியோரிடையே இந்நோய் மீண்டும் காணப்படுவதை டனிகன் முதலிய மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். ஏறத்தாழ 56 பாகை வட அகலக்கோட்டின் மங்கிய ஒளியும், கருநிறத் தோலில் விற்றமின் மெதுவாகவே உருவாவதும், மாஜரீன் முதன்மை பெறாத உணவுமுறையும் ஒன்றுகூடின. சப்பாத்தி மாவில் விற்றமினைச் சேர்க்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டும் ஏற்கப்படவில்லை. மிகையான விற்றமினால் குழந்தைகளின் குருதியில் கல்சியம் உயரக்கூடும் என்ற அச்சம் 1950களிலேயே எழுந்திருந்தது. 1981இல் நாடளாவிய ரீதியில் தொடங்கப்பட்ட ஒழிப்பு இயக்கம் குடியேறியோரின் உணவையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவுரையையே பெரிதும் முன்னிறுத்தியதாகக் கண்டனத்துக்குள்ளானது. மாறாக, கிளாஸ்கோவில் 1979 முதல் விற்றமின் துளிகளை இலவசமாக வழங்கிய திட்டம் நோயைக் கணிசமாகக் குறைத்தது.

முன்னையோரின் நோய் நாட்டின் பிரச்சினையாகவும், பின்னையோரின் நோய் அவர்தம் பண்பாட்டின் குறையாகவும் கொள்ளப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. உயிரியல் இருசாராருக்கும் ஒன்றே. வேறுபட்டது சமூகத்தின் பார்வையே. வெயில் மிகுந்த நாடுகளிலும் நாள் முழுவதும் கூரையின்கீழ் உழைப்போரிடம் இக்குறைபாடு இன்று இனங்காணப்படுகின்றது. குறைபாட்டை உண்டாக்குவது வெறுமனே வானிலையன்று. மனிதர் வாழவும் உழைக்கவும் வகுத்துக்கொண்ட ஒழுங்கும் அதில் பங்குகொள்கின்றது. ஆதலின் அதனைத் தீர்க்கும் பொறுப்பையும் நோயுற்ற தனிமனிதர் மீது மட்டும் சுமத்துதல் வரலாற்றின் படிப்பினைக்கு முரணானதாகும்.