மீசை வந்த கதை

"பழைய ஹாஸ்டல் நினைவுகளை எல்லாரும் எழுதிட்டாங்க, நீங்க தொழில் சம்பந்தமா ஏதாவது வரலாறு எழுதுங்க" என்று மலர்க் குழுவினர் சொல்லிவிட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று. சென்ற சந்திப்பில் இறுதியாண்டு டிசைன் படிக்கும் தம்பி ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் கேட்டார்: "சார், இப்ப கம்ப்யூட்டரே படம் வரையுது. கையால வரைஞ்சு கத்துக்கிட்ட நாங்க என்ன சார் பண்றது?" பாயசம் வந்த சாக்கில் அன்று சமாளித்துவிட்டேன். கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. ஆகவே ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

ஷிகேரு மியாமோட்டோ, 1952-ல் ஜப்பானில் கியோட்டோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கனசாவா நகரக் கலைக் கல்லூரியில் தொழில் வடிவமைப்பு படித்தார். வகுப்புக்கு ஒழுங்காகப் போகாமல், படிப்பை முடிக்க ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டார். (எங்கள் செட்டில் யார் யார் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்!)

படிப்பு முடிந்து வேலை தேடியபோது, அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் நின்டெண்டோ தலைவர் ஹிரோஷி யாமாவுச்சியைப் பார்க்க வழி கிடைத்தது. 1889-ல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி அது. அப்போது பொம்மை, வீடியோ கேம் என்று திசை மாறிக்கொண்டிருந்தது. நம்ம ஆள், குழந்தைகளுக்காகத் தான் செய்த மிருக உருவ மரக் கோட் ஹேங்கர்களைக் காட்டி, 1977-ல் வேலையில் சேர்ந்தார். முதலில் கிடைத்ததெல்லாம் கேம் பெட்டிகளின் வெளிப்புற வடிவம், மேலே ஒட்டும் படம், இந்த மாதிரி வேலைதான். புரோகிராம் எழுதத் தெரியாது.

1980-ல் கம்பெனி வெளியிட்ட 'ரேடார் ஸ்கோப்' என்ற காசு போட்டு ஆடும் மெஷின் அமெரிக்காவில் விலைபோகவில்லை. சுமார் 2,000 மெஷின்கள் கோடவுனில் தேங்கிவிட்டன. அவற்றுக்குள் வேறு விளையாட்டை மாற்றிப் போட்டு விற்றாக வேண்டும். இந்த வேலை மியாமோட்டோவிடம் வந்தது. மேற்பார்வைக்கு குன்பே யோகோய் என்ற மூத்த பொறியாளர். போபாய் கார்ட்டூன் உரிமை கிடைக்காததால் ஆட்களைச் சொந்தமாகவே படைக்க வேண்டியதாயிற்று. மனிதக் குரங்கு, அது தூக்கிப்போன பெண், அவளை மீட்க ஓடும் தச்சன். இதுதான் 1981-ல் வந்த 'டாங்கி காங்'.

அந்தத் தச்சனை வரைய அவருக்குக் கிடைத்த இடம் குறுக்கே 16 புள்ளி, நெடுக்கே 16 புள்ளி. மொத்தமே 256! நிறங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இவ்வளவு சின்ன முகத்தில் வாய் தெரியாது. பெரிய மூக்கு வைத்து அடியில் மீசை போட்டார். குதிக்கும்போது தலைமுடி பறப்பதைக் காட்ட இடமில்லை, தொப்பி மாட்டினார். ஓடும்போது கை ஆடுவது தெரிய வேண்டுமே என்று சட்டைக்கு ஒரு நிறம், தோள்பட்டி வைத்த ஓவராலுக்கு வேறு நிறம். பிற்பாடு மாரியோ என்று பேர் வாங்கி உலகம் சுற்றிய ஆசாமி இவர்தான். அழகுக்காக வைத்ததென்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றும் இடப் பஞ்சத்தில் பிறந்தது.

இதைப் படித்தபோது எனக்கு 1991 ஞாபகம் வந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். நாலு கலரில் ஒரு மயில் போட்டுக் கொடுத்தேன். "ரெண்டு கலர்ல முடி தம்பி, மத்த பிளேட்டுக்கு உங்க அப்பாவா காசு தருவாரு?" என்றார் முதலாளி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து நீலம், பச்சை மட்டும் வைத்துக்கொண்டு, தோகைக் கண்களைக் காகிதத்தின் வெள்ளையாகவே விட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் மயிலைவிட அது நன்றாக இருந்தது.

மியாமோட்டோ பிறகும் அப்படியே வேலை செய்தார். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் மிச்சம் பிடிக்க, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை, அவ்வளவுதான். கட்டங்களைக் கிராஃப் தாளில் கையால் வரைந்து புரோகிராமர்களிடம் கொடுப்பார்கள். எதை வரையாமல் விடலாம் என்று அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்து யோசித்தவர்கள் மனிதர்கள். இன்றைய மெஷின் கேட்டதையெல்லாம் வரைந்து தள்ளுகிறது. எது வேண்டாம் என்று அதற்கும் யாராவது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

தம்பி, இந்தச் சந்திப்புக்கும் வந்தால் பந்தியில் என் பக்கத்திலேயே உட்காருங்கள். அந்த மயில் லேபிள் ஒன்று பத்திரமாக வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன்.