மரபுரிமையும் கூட்டமைவும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், எழுதிய நிரலை மீண்டும் பயன்படுத்தும் இரு வழிகள். மரபுரிமையில் ஒரு வகுப்பு தாய் வகுப்பின் பண்புகளையும் செயற்கூறுகளையும் பெறுகிறது. கூட்டமைவில் ஒரு பொருள் மற்றொன்றை உறுப்பாக வைத்துக்கொண்டு வேலையை அதனிடம் ஒப்படைக்கிறது. முன்னது சிமுலா 67 மொழியில் தோன்றியது. தாய் வகுப்பில் செய்யும் மாற்றம் சேய் வகுப்புகளைச் சிதைக்கக்கூடும் என்பது அதன் பெருங்குறை. வேண்டாத செயற்கூறுகளும் சேய்க்கு வந்துவிடுவது இன்னொரு குறை: ஜாவா மொழியின் ஸ்டாக் (அடுக்கு) வகுப்பு வெக்டர் வகுப்பின் சேயாக அமைந்ததால், உச்சியில் மட்டும் கையாள வேண்டிய அடுக்கின் நடுவிலும் உறுப்பைச் செருக முடிகிறது. வெக்டரை உள்ளே மறைத்து வைத்திருந்தால் இது நேர்ந்திராது. எரிக் காமா உள்ளிட்ட நால்வர் எழுதி 1994இல் வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் கூட்டமைவுக்கே முன்னுரிமை தந்தது. தாய் வகைப் பொருளின் இடத்தில் சேய் வகைப் பொருள் எங்கும் பிழையின்றி நிற்குமானால் மரபுரிமை பொருந்தும். இந்த நிபந்தனையே கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவின் பதிலீட்டு நெறி. மரபுரிமை எல்லா மொழிக்கும் கட்டாயமன்று: கோ மொழியில் வகுப்பு மரபுரிமையே இல்லை.