சமயப்பொறையும் இருவேறு நீதியும்

ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையே அமைந்த சுருவில் என்னும் கிராமம், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் லைடன் எனப் பெயர் பெற்ற தீவினுள் அடங்கியது. காரைதீவு அம்ஸ்ரடாம் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், நெடுந்தீவு டெல்வ்ற் எனவும் அழைக்கப்பட்டன. இவற்றுள் லைடன் என்னும் பெயர் சிறப்பாக நோக்கத்தக்கது. ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரம் 1574இல் ஸ்பானியரின் முற்றுகையை எதிர்த்து நின்று மீண்டது; மறுவருடம் அங்கே பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தம் சமயக் கொள்கை காரணமாக இங்கிலாந்தில் வாழ முடியாது வெளியேறிய ஒரு கூட்டத்தினர் 1609 தொடக்கம் 1620 வரை அந்நகரிலேயே அடைக்கலம் பெற்று வாழ்ந்து, பின்னர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். சமய விடுதலைக்குப் பேர்போன நகரத்தின் பெயரைத் தாங்கிய தீவிலே அவ்விடுதலை எந்நிலையில் இருந்தது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

ஒல்லாந்தரின் செயலைத் தனித்து நோக்கின் உண்மை முழுமையாகப் புலப்படாது. யாழ்ப்பாணத்தில் சமயத்தின் பெயரால் அதிகாரம் செலுத்தியோர் வரிசை அவர்களோடு தொடங்கவில்லை. 1544இல் மன்னாரிலே கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய ஏறத்தாழ அறுநூறு பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். மதம் மாறியோர் போர்த்துக்கேய மன்னனுக்கும் குடிகளாகிவிடுவர் என்ற அரசியல் அச்சம் அதற்கு ஒரு காரணம் என்பர். காரணம் யாதாயினும், உயிரிழந்தவர்கள் படைவீரர்கள் அல்லர். புதிய நம்பிக்கையொன்றை ஏற்ற எளிய மக்களே. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தம் முறை வந்தபொழுது அதனினும் பரந்த அளவிற் செயற்பட்டனர். பிலிப் த ஒலிவேறாவின் காலத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்தழிக்கப்பட்டது. விரத நாட்களிற் சைவர்கள் மறைவாக உண்டு, உண்ட வாழையிலையைக் கூரையினுள்ளே செருகி ஒளித்தனர் என்னும் செவிவழிச் செய்தி இன்றுவரை யாழ்ப்பாணத்தில் வழங்குகின்றது. மன்னாரிற் கொல்லப்பட்டோரின் சமயம் ஆட்சியின் சமயமானதும், கொல்வித்தோனின் சமயம் கூரையினுள் ஒளிந்தது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அதே ஆண்டில், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. கத்தோலிக்க தேவாலயங்கள் புரட்டஸ்தாந்து வழிபாட்டிற்கு மாற்றப்பட்டன. பங்குதோறும் பள்ளிக்கூடம் அமைந்தது. அங்கே பிள்ளைகள் வருதல் கட்டாயம், வாராதார்க்குத் தண்டப்பணம். ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பிலே பதியப்பட்டன. தோம்பை எழுதிய சட்டம்பியாரே ஒருவகையில் ஊரின் சமயக் காவலருமானார். பதிவு பெறாத விவாகம் சட்டத்தின் கண்ணில் விவாகமாகாது. ஆகவே அதிற் பிறந்த பிள்ளை முதுசொத்தில் உரிமை கோருதல் அரிதாயிற்று. அரசாங்க உத்தியோகம் பெற விரும்புவோர்க்கு ஞானஸ்நானம் இன்றியமையாததாயிற்று. இவ்வாறு உத்தியோகம், விவாகம், முதுசொம் ஆகிய வாழ்வின் பொதுக் கருமங்கள் யாவும் தேவாலயத்தின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தன.

இதனைச் செய்தவர்கள் சமயக் கொடுமையை அறியாதவர்கள் அல்லர். ஸ்பானிய மன்னனின் சமய ஒடுக்குமுறையை எதிர்த்தே அவர்தம் நாடு பிறந்தது. 1579இல் ஏற்பட்ட உத்ரெக்ற் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, சமயங் காரணமாக எவரும் துன்புறுத்தப்படவோ விசாரிக்கப்படவோ கூடாது எனக் கூறிற்று. எனினும் அவ்வுடன்படிக்கை மனச்சாட்சிக்கு அளித்த விடுதலையை வெளிப்படை வழிபாட்டிற்கு நடைமுறையில் அளிக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. அம்ஸ்ரடாமிலே கத்தோலிக்கர் தெருவிற்குத் தெரியாதபடி வீடுகளின் மேல்மாடங்களில் ஆலயம் அமைத்து வழிபட்டனர். அதிகாரிகள் அறிந்தும் அறியாதவர்போல் இருந்தனர். அங்கே கூரையின் கீழ் வழிபட்டவனுக்கு அதிகாரி கண்களை மூடிக்கொண்டான். யாழ்ப்பாணத்திலோ அத்தகைய வழிபாட்டைத் தேடிப் படைவீரர் வந்தனர். ஒரே நாட்டவரின் நீதி கடல் கடந்ததும் வேறாயிற்று.

கோவாவிற் பிறந்த யோசேப் வாஸ் அடிகளாரின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1687இல் கூலியாளின் கோலத்தில் இலங்கை வந்த அவர், யாழ்ப்பாணத்திற் சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு இரவிலே கத்தோலிக்கரைச் சந்தித்துப் பணிபுரிந்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் வழிபாட்டிற்குக் கூடியிருந்தோரைப் படைவீரர் சுற்றிவளைத்தனர்; அடிகளார் தப்பினார், அகப்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். பின்னர் அவர் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தினாற் சிறைவைக்கப்பட்டார். ஆயினும் உண்மை அறிந்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்தனாக இருந்தும், அவர் தம் சமயப் பணியைத் தடையின்றிச் செய்ய இடமளித்தான். 1711இல் அடிகளார் கண்டியிலேயே காலமானார். 2015இல் கொழும்பிலே புனிதராகப் பிரகடனப்படுத்தப்பட்டார். கிறித்தவ அரசு வேட்டையாடிய கிறித்தவக் குருவுக்குப் பௌத்த அரசு புகலிடமளித்தது. ஆனால் கண்டியின் பொறையும் நிலைத்ததன்று. 1739 தொடக்கம் 1747 வரை ஆண்ட ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்திற் கத்தோலிக்கக் குருமார் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அரசனின் உள்ளத்தை மட்டும் பற்றி நிற்கும் விடுதலை அரசன் மாறும்பொழுது மாறிவிடும்.

ஒல்லாந்தர் சட்டத்தை எல்லா இடத்தும் ஒரே இறுக்கமாகக் கைக்கொண்டனருமல்லர். தமிழரின் சொத்துரிமை வழக்கங்களைத் திரட்டி 1707இல் தேசவழமையாகத் தொகுப்பித்தவர்களும் அவர்களே. நிலமும் சீதனமும் பற்றிய வழக்கத்தை மதித்த அரசு, வழிபாடு பற்றிய வழக்கத்தை மதிக்க மறுத்தது. பிற்காலத்தில் வணிக நலனும் ஆட்சித் தேவையும் வேண்டியவிடத்துச் சட்டம் நெகிழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணார்பண்ணையில் வைத்திலிங்கச் செட்டியார் சிவன் கோயில் அமைக்க முடிந்தமை இந்நெகிழ்ச்சியின் விளைவே. இத்தகைய சலுகை ஆள்வோர் விரும்பியபோது அளித்ததேயன்றி, ஆளப்படுவோர் கேட்டுப் பெறத்தக்க உரிமையன்று.

கட்டாயத்தின் பயன் யாது என்பதையும் வரலாறு காட்டிற்று. 1658 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் மதகுருவாயிருந்த பால்டேயஸ் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கிறித்தவரைக் கணக்கிட்டார். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், உத்தியோகத்திற்கும் ஞானஸ்நானத்திற்கும் இடையிலான பிணைப்புத் தளர்ந்ததும் அத்தொகை விரைந்து கரைந்தது. 1806இல் இங்கு வந்த குளோடியஸ் புக்கானன் கைவிடப்பட்ட தேவாலயங்களையே பெரிதுங் கண்டார். மாறாக, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கமும், ஒளித்து வாழ்ந்த சைவமும் நிலைத்து நின்றன. தோம்பிலே பெயர் எழுதுவிக்க அரசால் இயன்றது. உள்ளத்திலே நம்பிக்கையை எழுத இயலவில்லை.

1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட், கத்தோலிக்கர்மீது ஒல்லாந்தர் விதித்த தடைகளைச் சட்டத்தினால் நீக்கினார். இங்கிலாந்திலோ கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இலேயே பெற்றனர். ஒல்லாந்தர் தாய்நாட்டில் நெகிழ்ந்து குடியேற்ற நாட்டில் இறுகினர். ஆங்கிலேயர் தாய்நாட்டில் இறுகிக் குடியேற்ற நாட்டில் நெகிழ்ந்தனர். திசைகள் எதிரெதிராயினும் அளவுகோல் ஒன்றே. ஆட்சிக்கு எது வசதியோ அதுவே நீதியாயிற்று.

அந்நியரைக் குறைகூறுவதோடு இவ்வாராய்ச்சி முடியுமாயின் அதுவும் இருவேறு நீதியாகவே முடியும். கூரையில் இலை செருகிய முன்னோரைப் பெருமையுடன் நினைவுகூர்ந்த சமூகமே, தன்னுள் ஒரு பகுதியினரைக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கோயிலுட் செல்லவிடாது தடுத்தலைக் குற்றமாக்கிற்று. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைய முயன்றபோது தடுக்கப்பட்டனர். தமிழரின் உரிமைக்கு ஓங்கிக் குரல்கொடுத்த முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமே தடுத்தோருக்குத் தலைமை தாங்கினார். ஆகம மரபைக் காத்தல் என்பது அவர்தம் வாதம். தாம் நம்பிய விதியைத் தம்மினும் வலிகுறைந்தோர்மீது சுமத்திய ஒவ்வோர் ஆட்சியும் அத்தகைய வாதத்தையே கூறிற்று.

1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையிற் பௌத்தத்திற்கு முதன்மை இடமளித்து, 10ஆம் உறுப்புரையிற் சிந்தனை, மனச்சாட்சி, மத விடுதலைகளை யாவர்க்கும் உறுதிசெய்கின்றது. அவ்விரண்டிற்கும் இடையிலான முரண்பாட்டைச் சிறுபான்மையினர் சுட்டிக்காட்டுதல் நியாயமே. அந்நியாயம் வலுப்பெற வேண்டுமாயின், அரசிடம் கேட்கும் சமத்துவம் ஊரின் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் முதலில் நடைமுறையாதல் வேண்டும். வலியற்ற நாளிற் பொறையைக் கேட்டு வலிபெற்ற நாளில் அதனை மறுத்தவர்களின் வரிசையே நான்கு நூற்றாண்டு யாழ்ப்பாண வரலாறு. சிறுபான்மையாய் இருக்கும்போது பேசும் மொழியை, ஓர் ஊரிலோ ஒரு நிறுவனத்திலோ பெரும்பான்மையாய் இருக்கும்போதும் பேசக்கூடிய சமூகமே அவ்வரிசையினின்று விலகும்.